எனக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வந்தால் எங்கள் கம்பெனியில் சட்டையில் பச்சை ரிப்பன் குத்திவிடுவார்கள். 10-ஆம் தேதி உலக மனநல நாள். கேண்டீனில் நாற்காலி போட்டு, கரிப்பாப்பும் தே தாரேக்கும் வைத்து, வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வார்கள். மனதில் இருப்பதை வெளியே சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள் என்பார் அவர். எல்லோரும் கைதட்டுவோம். நானும் தட்டுவேன். அந்தக் கேண்டீனுக்கு நேர் மேல்மாடியில்தான் வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவங்கள் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் காக்காய் வலிப்பு, காசநோய், மனநோய் என்று வரிசையாகக் கட்டம் போட்டு, உண்டா இல்லையா என்று கேட்டிருக்கும்.

நான் 'உண்டு' என்றுதான் போட்டேன். வேலை கிடைத்தது, அதற்கு நன்றி. ஆனால் சேர்ந்த கொஞ்ச நாளில் சில்லறைப் பணப் பெட்டியின் சாவி மட்டும் என் மேசையிலிருந்து பக்கத்து மேசைக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டேன். "உனக்கு வீண் பாரம் வேண்டாமே என்றுதான்" என்றார் மேற்பார்வையாளர். உண்மையிலேயே நல்ல மனிதர். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிடுகிறவர். மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. கணக்கு எழுதுகிறவளுக்குப் பெட்டிச் சாவி எப்படிப் பாரமாகும்?

இந்தப் பதிவு, இப்படிப் பாரம் இறக்கிவைக்கும் நல்லவர்களைப் பற்றியது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 24 வயதில் எனக்குப் பைபோலார், அதாவது மனநிலை அளவு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது 46. பட்டர்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். தினமும் லித்தியம் மாத்திரை. அது ரத்தத்தில் குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு என்பதால் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தாகம் எடுக்கும், கை லேசாக நடுங்கும். நடுக்கத்தால் என் கையெழுத்து ஒரு நாளைப்போல் ஒரு நாள் இருக்காது. பேங்கில் பழைய கையெழுத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு, மறுபடி போடுங்கள் அக்கா என்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு கிளினிக்கில் ஒரு முறை போனால் 5 வெள்ளி (ரிங்கிட்). ஓகேயு எனும் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்த பிறகு அதுவும் இல்லை.

என்னைப்போல் எத்தனை பேர்? சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வைப் பாருங்கள். 2019-இல் மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2.3 விழுக்காடு. 2023-இல் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காடு. அது மனச்சோர்வு மட்டும். உங்கள் தாமானில் வீடு வீடாக எண்ணிக்கொண்டு போனால் சீக்கிரமே ஒருவரிடம் வந்து நிற்பீர்கள். அந்த வீட்டில் கதவு சாத்தியிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் சாத்தித்தான் இருந்தது. 2003-இல் எனக்கு முதல்முறை வந்தபோது வாரக்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தேனாம். முதலில் கோயில் பூசாரி, அப்புறம் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு போமோ (மலாய் மந்திரவாதி), கையில் கறுப்புக் கயிறு, தலையில் எலுமிச்சம்பழம். மருத்துவமனை கடைசியில்தான். மாத்திரை சாப்பிட அடம் பிடித்தால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவோம்" என்று மிரட்டுவார்கள். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஊர்ப் பெயரை வசவாகத்தான் முதலில் கேட்டிருப்போம். 1911-இல் அங்கே கட்டிய மனநல மருத்துவமனைதான் காரணம், இன்றைக்கு அதன் பெயர் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி. ஊர் மக்கள் பாவம், நல்ல ரம்புத்தான் விளையும் இடம்.

என்னை வார்டில் சேர்த்தபோது படிவத்தில் சித்தப்பாதான் கையெழுத்துப் போட்டார். அப்போது 1952-ஆம் ஆண்டின் பழைய சட்டம்தான் நடப்பில் இருந்தது. புதிய மனநலச் சட்டம் 2001-லேயே நிறைவேறியிருந்தாலும் 2010-இல்தான் அமலுக்கு வந்தது. அன்றைக்கு நான் இருந்த நிலையில் யாராவது போடத்தான் வேண்டியிருந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. அந்த ஒரு கையெழுத்தோடு என் கையெழுத்து காலாவதியாகிவிட்டது என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது.

2012-இல் மறுபடி உடம்பு சரியில்லாமல் போனபோது, நானே போய், நானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தேன். புதிய சட்டத்தில் தானாக வந்து சேர்வதற்கு வழி இருக்கிறது. சேர விரும்பாதவரைச் சேர்க்க வேண்டுமென்றாலும் சொந்தக்காரர் விண்ணப்பம் மட்டும் போதாது. மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். வைத்திருக்க வேண்டுமானால் முதலில் ஒரு மாதம்தான், அதற்குமேல் மறுபடி பரிசோதனை. குறையில்லாத சட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது, நமது சொந்தக்காரர்களுக்கு அது கிடையாது. 2003-இல் ஒரு மாதம் படுத்திருந்தவளை இன்றைக்கும் வார்டில் இருப்பவளாகவே பார்க்கிறார்கள்.

கல்யாணப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தைமார்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "கல்யாணம் பண்ணினா சரியாயிடும், சொல்லாம முடிச்சிடலாம்" என்றது. இன்னொரு கட்சி, "இவளுக்கெல்லாம் எதுக்குக் கல்யாணம், யார் பார்த்துக்கிறது" என்றது. இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: என்னைக் கேட்கவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டு திருமணச் சட்டத்தைப் பின்னாளில் படித்துப் பார்த்தேன். மனநோய் இருந்தவர் செய்த கல்யாணம் செல்லாது என்று அது சொல்லவே இல்லை. கல்யாணத்தின்போது இல்லற வாழ்க்கைக்கே தகுதியில்லாத அளவுக்கு நோய் இருந்தால், அதைக் காரணம் காட்டி ரத்து செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அவ்வளவுதான். யாரும் கேட்காதவரை கல்யாணம் கல்யாணம்தான். மறைத்து முடிக்கச் சொன்ன அத்தை இதைப் படித்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது என் முடிவு, நோயின் முடிவல்ல. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஓட்டும் அப்படித்தான். 2022 பொதுத் தேர்தலில் நான் வரிசையில் நின்றபோது, தெரிந்த மாமா ஒருவர், "உனக்கெல்லாம் ஓட்டு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது மாமா. கூட்டரசு அரசியலமைப்பின் 119-ஆவது பிரிவு தடுப்பது, தகுதி நாளில் சித்தசுவாதீனம் இல்லாதவராக அடைத்து வைக்கப்பட்டிருப்பவரை. மாத்திரை சாப்பிடுகிறவரை அல்ல. அங்கேயே அதை விளக்கிச் சொல்லலாம் என்றால் பின்னால் நின்ற சீனப் பாட்டிக்கு அவசரம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் எழுத வைத்தது அதுதான்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து வாங்கிய ஒரு மாடி வரிசை வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் பேச்செடுத்தார். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகவும், அம்மாவும் நானும் கடைசிவரை அதிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார். கெட்ட எண்ணம் என்று எழுத மாட்டேன். சுங்கைப்பட்டாணியிலிருந்து வாரா வாரம் வந்து அம்மாவுக்கு மருந்து வாங்கித் தருகிறவர் அவர். "நீ எதுக்கும்மா லேண்ட் ஆபீஸ்னு அலையணும்? டென்ஷன் ஆனா உனக்கு ஒத்துக்காது. டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டா போதும், உனக்கும் சேர்த்து நானே போட்டுடுறேன்" என்றார். அண்ணி தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். தம்பி கைப்பேசியைப் பார்த்தான்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் கோயிலுக்கு வரும் வழக்கறிஞர் அம்மா ஒருவரிடம் கேட்டேன். அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னது: டாக்டர் லெட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் சொத்தில் இன்னொருவர் கையெழுத்துப் போட முடியாது. ஒருவரால் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்ல வேண்டுமானால், அதை உயர்நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல வேண்டும். நோய் இருப்பது ஒன்று, நிர்வகிக்க முடியாமல் இருப்பது வேறொன்று. இரண்டும் நிரூபணமானால்தான் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். 2001 மனநலச் சட்டத்திலேயே இதெல்லாம் இருக்கிறது. "உங்க அண்ணன் அவ்வளவு தூரம் போவாரா?" என்று கேட்டார். போக மாட்டார். அவருக்கு அப்படி ஒரு தூரம் இருப்பதே தெரியாது.

ஆனாலும் அண்ணன் அடுத்த கிளினிக் நாளில் என்னோடு வந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். இத்தனை வருடத்தில் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. சிலர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க, பின்னால் நிற்கும் அம்மாவிடம், "சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா?" என்று கேட்பார்கள். இந்த டாக்டர் வேறு மாதிரி. சின்ன வயது மலாய்ப் பெண். அண்ணன் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். வீடு என்ன விலை போகும்? அப்பா உயில் எழுதாததால் யார் யாருக்கு என்ன பங்கு? அண்ணன் பெயருக்கு விட்டுக்கொடுத்தால் உனக்கு என்ன மிஞ்சும்? நாளைக்கு மனம் மாறினால் திரும்ப வாங்க முடியுமா?

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, தாத்தா பாட்டி உயிரோடு இல்லாததால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் மூன்றில் இரண்டு, பிள்ளைகள் மூன்று பேருக்கும் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. ஆக ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. அண்ணன் பெயருக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது அண்ணனின் நல்ல மனது. அது மாறினால் கேட்பதற்கு என் கையில் எதுவும் இருக்காது.

டாக்டர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு அந்த ஒன்பதில் இரண்டு தெரியுமா?" என்று கேட்டார். அண்ணனுக்குத் தெரியவில்லை. அவர் மூன்றில் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார், அம்மாவை மறந்துவிட்டு. இந்த விஷயத்தில் உங்கள் தங்கைக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது, லெட்டர் வேண்டுமென்றால் அப்படித்தான் எழுதித் தருவேன் என்றார். எல்லா விஷயத்துக்கும், எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஒரே லெட்டராக எழுத முடியாது, அந்தந்த முடிவுக்கு அந்தந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இதை 24 வயதிலேயே யாராவது எங்கள் வீட்டில் வந்து சொல்லியிருக்கலாம்.

எனக்கு எப்போதும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. என் நோய் தூக்கத்தில் தொடங்கும், அடுத்து பணத்தில் தெரியும். ஏறும் நேரத்தில் உலகமே தள்ளுபடி விலையில் கிடைப்பதுபோல் இருக்கும். அதற்காகத் தம்பி மனைவியோடு ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறேன். தொடர்ந்து இரண்டு இரவு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் ஏடிஎம் அட்டையை அவளிடம் கொடுத்துவிடுவேன். நான் மறுத்தாலும் நாங்கள் எழுதிவைத்திருக்கும் தாளைக் காட்டி அவள் வாங்கிக்கொள்ளலாம். டாக்டர் பார்த்துச் சரி என்றவுடன் அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. அந்தத் தாள் இருவரும் கையெழுத்துப் போட்டு, அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இது கோர்ட்டில் நிற்குமா என்பதெல்லாம் எங்களுக்குக் கவலையில்லை, எங்களுக்குள் நிற்கிறது. ஆளை நான் தேர்ந்தெடுத்தேன், எப்போது தொடங்கும் என்பதை நான் சொன்னேன், எப்போது முடியும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கம்பெனிப் பெட்டிச் சாவிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு மெச்சிக்கொள்கிறாளே என்று நினைக்காதீர்கள், குறையும் சொல்ல இருக்கிறது. அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் என்று பட்டியல் போடுகிறது. அதில் உடற்குறையும் இல்லை, மனநோயும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐநா உடன்படிக்கையில் மலேசியா 2010-இல் சேர்ந்தது. அதற்கு முன்பே 2008-இல் உள்நாட்டுச் சட்டமும் வந்துவிட்டது. நல்ல வார்த்தைகள் நிறைந்த சட்டம். மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் அந்தப் பக்கம் மட்டும் காணோம். அட்டை கொடுக்கிறார்கள். மனநலப் பிரிவில் அது வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு வருடம் சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும். வாங்கினால் சலுகை உண்டு. வாங்கியவரை வேலையிலிருந்து ஓரம் கட்டினால் எங்கே போவது என்பதற்கு மட்டும் அந்த அட்டையில் இடமில்லை.

ஒன்று மாறியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்று சொன்ன தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எங்கள் பக்கத்துத் தெருவில் முன்பு ஒரு குடும்பம் போலீசுக்குப் பயந்து மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவே தாமதித்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான், இப்போது பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறான். அந்தப் பயத்துக்கு இனி காரணம் இல்லை. இதைப் படிக்கிற யாருக்காவது இன்றைக்கே மனம் தாங்கவில்லை என்றால், சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம்.

நில அலுவலகத்தில் விசாரணை நடந்த அன்று நாங்கள் நான்கு பேரும் போனோம். அதிகாரி வாரிசுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஐசி எனும் அடையாள அட்டையைப் பார்த்து, எப்படிப் பிரிக்கச் சம்மதம் என்று கேட்டார். என் முறை வந்தபோது, சட்டப்படி உள்ள பங்குப்படியே வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார். என் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கை நடுங்கியது, கையெழுத்து கோணலாக விழுந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் வெளியே வந்து எல்லோருக்கும் தோசை வாங்கிக் கொடுத்தார். முகம் கொஞ்சம் கறுத்திருந்தது, ஆனால் என் தோசையில் நெய் போடச் சொன்னதும் அவர்தான்.

இப்போது வீடு நான்கு பேர் பெயரில் இருக்கிறது. சமையலறைக் கூரை ஒழுகுகிறது. சரி செய்ய 4,500 வெள்ளி கேட்டார் காண்ட்ராக்டர். வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டு பேர்தானே, நீங்களே போடுங்கள் என்று அண்ணன் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். பங்குப்படி பார்த்தால் அம்மாவுக்கு 1,500, நமக்கு ஆளுக்கு 1,000 என்று நான் பதில் போட்டேன். தம்பி அன்றைக்கே அனுப்பிவிட்டான். அண்ணன் "பார்க்கலாம்" என்று போட்டவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று ரசீதைப் படம் பிடித்து மறுபடி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அண்ணி அழைத்தார். "கூடப்பிறந்தவர்கிட்டேயே இவ்வளவு கறாரா இருக்கியேம்மா" என்றார். டென்ஷன், மாத்திரை, ஒத்துக்காது என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"ஆயிரம் வெள்ளி அண்ணி" என்றேன்.